ஒன்பது நாற்பத்தாறுக்குள்

சங்கு ஊதுகிற சத்தம். இந்தத் தீவில் விடிந்த முதல் காலையில் எங்களை எழுப்பியது அதுதான், பிள்ளை. நீளமாக ஒன்று, பிறகு மூச்சு வாங்குகிற இடைவெளி, பிறகு இன்னும் நீளமாக ஒன்று. இருபத்தைந்து வருடமாகிறது. நளாயினி பாயில் எழும்பி இருந்து, "பெரியம்மா, இஞ்சையும் கோயில் கிடக்குது," என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு, சத்தம் வந்த பக்கம் இரண்டு பேரும் நடந்தோம். அங்கே கடற்கரையில் ஒரு படகு. ஒருவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று சங்கை ஊதிக்கொண்டிருக்கிறான். சனம் சட்டியும் வாளியுமாக ஓடி வருகிறது. மீன் வந்திருக்கிறது என்று ஊருக்குச் சொல்லத்தான் இங்கே சங்கு. நளாயினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "திருநீறும் பூசி மீன் வாங்க வந்திருக்கிறம், பெரியம்மா." அவள் அப்படிச் சிரித்துக் கண்டு நான்கு வருடமாகியிருந்தது.

இருங்கள், இந்த வாங்கில் நிழலாக இருங்கள். உங்கள் கப்பல் ஐந்து மணிக்குத்தான் புறப்படும். அதன் நேரம் எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் இந்தப் பழைய சீனி ஆலையைச் சுற்றிப் பார்த்து வரட்டும், அதற்கு அரை மணித்தியாலம் பிடிக்கும். நான் டிக்கெட் கிழித்துத் தரும்போது, "அப்பா, என்ன வெக்கை," என்று தமிழில் சொன்னீர்கள் பாருங்கள், அதுதான் கூப்பிட்டேன்.

ஸ்காபரோவா? நம் சனம் நிறைய இருக்கிற ஊர், நினைத்தேன். அப்படியென்றால் உங்களிடம் ஒரு உதவி கேட்க வேண்டும். என் தங்கச்சியின் மகளைத் தேடிக் கண்டுபிடித்துத் தர வேண்டும். நளாயினி. இப்போது நாற்பத்தொன்பது வயது. பெயர், பிறந்த திகதி, ஊர், தாய் தகப்பன் பெயர் எல்லாம் இந்தத் துண்டில் எழுதியிருக்கிறேன். உங்கள் தமிழ் வானொலியில் ஒருமுறை சொல்லச் சொல்லலாம். கோயிலில் கேட்கலாம். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: பெரியம்மாவுக்குக் கோபம் இல்லை, ஒரு கடிதம் போடட்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் பெண்கள் கல்லூரி ஒன்றில் இருபத்தொன்பது வருடம் பூமிசாத்திரம் படிப்பித்தேன். மேற்கிந்தியத் தீவுகள் என்று ஒரு பாடம் உண்டு. கரும்பு, வாழை, வியாபாரக் காற்று, சூறாவளி. அட்லஸில் இந்தத் தீவைவிட இதன் பெயர் பெரிது. சென்ட் ஆபின். எழுத்துகளுக்கு நிலம் போதாமல் கடலுக்குள் விழுந்து கிடக்கும். "இது சோதனைக்கு வராது, விடுங்கோ," என்று வருடா வருடம் சொல்லியிருக்கிறேன்.

நளாயினிக்கு உங்கள் ஊரில் சம்பந்தம் பேசியிருந்தது. குகதாசன் என்று நல்ல குடும்பத்துப் பிள்ளை. பத்துப் பொருத்தத்தில் எட்டு. எங்கள் பிள்ளையோ தகப்பன் இல்லாதவள். தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் சனத்தோடு சனமாக நடந்தபோது, வழியிலேயே மனுசன் போய்விட்டார். அதிலிருந்து அவள் கதைப்பதே குறைவு. பெண்பிள்ளையைத் தனியே, வெளிநாட்டுக்குக் களவாக ஆள் ஏற்றுகிற ஏஜென்சிக்காரனோடு அனுப்ப முடியுமா? நான் கலியாணம் செய்யாதவள், ஓய்வும் பெற்றிருந்தேன். தங்கச்சி என் கையைப் பிடித்து, "அக்கா, நீ கொண்டுபோய் மாப்பிள்ளையின்ர கையில பிடிச்சுக் குடு. வேற ஒருத்தரையும் நான் நம்பேல்லை," என்றாள். நல்லூரானை நினைத்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு கிழமை என்றான். இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டு இன்னும் இரண்டு கிழமை என்றான். நாங்கள் பதினொரு பேர். வாழைக்குலைகளைப் பெட்டியில் அடைக்கிற பழைய கொட்டில் ஒன்றில் வைத்திருந்தார்கள். சித்திரை போய், வைகாசி போய், ஆனியும் போயிற்று. ஏஜென்சிக்காரன் வருவான் என்று நான் மற்றவர்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுத்துப் படித்தவள், ஆங்கிலம் தெரிந்தவள், எல்லோருக்கும் நான்தான் ரீச்சர்.

சும்மா இருக்கக் கூடாதென்று நளாயினி ஹோட்டல் ஒன்றில் துணி வெளுக்கிற வேலைக்குப் போனாள். அப்போது இங்கே இரண்டே ஹோட்டல். மற்றப்படி தீவு முழுக்க வாழைதான். இங்கிலாந்துக்குக் கிழமைக்கு ஒரு கப்பல் வாழைப்பழம் போகும். அந்தக் கப்பல் வருகிற நாள்தான் ஊருக்கு நாள். அவள் மூன்றே மாதத்தில் இந்தச் சனத்தின் பேச்சைப் பிடித்துவிட்டாள். பாட்டுப் போல இழுத்துப் பேசுவாள். "என்னடி உது, வடிவா இங்கிலிஸ் கதைக்கத் தெரியாதே?" என்றால், "பெரியம்மா, உங்கட இங்கிலிசில ஒருத்தரும் பகிடி விடுறேல்லை," என்பாள்.

பகிடி விட்டுச் சிரிப்பது யாரோடு என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

சங்கு ஊதியவன்தான். அல்வின் மூட்டூ. ஹோட்டலுக்கு மீன் கொண்டுவந்து கொடுப்பவன். மூட்டூ என்றால் என்னவென்று நினைக்கிறீர்கள்? முத்து. அப்படித் தேய்ந்துபோயிருக்கிறது. நீங்கள் உள்ளே பார்ப்பீர்கள், சுவரில் படங்களோடு எழுதி வைத்திருக்கிறோம், எழுதியது நான்தான். அடிமைகளுக்கு விடுதலை கொடுத்த பிறகு கரும்பு வெட்ட ஆள் இல்லை. துரைமார் சென்னையிலிருந்து கப்பலில் சனத்தை ஏற்றினார்கள். ஊரில் தரகன் ஒருவன் வந்து, பக்கத்தில்தான், கொஞ்ச நாள்தான், சீனி கிண்டுகிற சின்ன வேலை என்று சொல்வானாம். கடதாசியெல்லாம் அவன் கையில். இங்கே கொண்டுவந்து கொட்டிலில் அடைத்துவிட்டால், பிறகு அவனை எங்கே தேடுவது? என்னத்தை நம்பி ஏறினார்களோ தெரியாது. படிப்பறிவில்லாத சனம், பாவம். அந்த வழியில் வந்தவன்தான் அல்வின். நிறம், மூக்கு எல்லாம் கலந்துபோய், தமிழ் ஒரு சொல் தெரியாது. நம்முடைய ஆட்கள் என்று சொல்ல முடியாது பாருங்கள்.

ஆவணி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து நேரே எங்கள் கொட்டிலுக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, தேய்த்த காற்சட்டை, ஒரு கையில் ஈரப்பலாக்காய், மறு கையில் என் முழங்கை நீளத்துக்கு ஒரு மீன். நளாயினி கதவோடு நின்று பெருவிரலால் நிலத்தைக் கிளறுகிறாள். எனக்கு விளங்கிவிட்டது.

பெண் கேட்கிறானாம்.

நான் மரியாதையாகத்தான் ஆங்கிலத்தில் கேட்டேன். "உங்கள் ஆட்கள் எந்த ஊர்?"

"மலைக்கு மேலே, அம்மா. தேவாலயத்துக்குப் பக்கத்தில்."

"அதற்கு முன்னால்?"

கொஞ்சம் யோசித்தான். "அதற்கு முன்னால் கப்பல்," என்றான்.

நளாயினி களுக்கென்று சிரித்துவிட்டாள். "எங்களை ஆரும் கேட்டாலும் அதைத்தானே பெரியம்மா சொல்லோணும்."

"நீ உள்ள போ. வாய் காட்டாத."

அவன் எழுந்து போகவில்லை. வீடு சின்னது, ஆனால் கூரை நல்லது என்றான். அடுப்படிக்குப் புதிதாகச் சுவர் வைக்கப் போவதாகச் சொன்னான். நளாயினி விரும்பினால் நானும் அங்கேயே இருக்கலாமாம், கடல் தெரிகிற அறையாம். பெண்ணின் பெரியம்மாவையும் சேர்த்துக் கேட்கிற மாப்பிள்ளையை நான் அன்றுதான் கண்டேன். அந்தப் பிள்ளைக்கு வேறிடத்தில் நிச்சயமாகிவிட்டது, இனி இந்தப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். மீனை வைத்துவிட்டுப் போய்விட்டான். என்ன செய்வது, சமைத்தோம்.

சாப்பிடும்போது அவள் சொன்னாள், "நான் இஞ்சையே இருக்கிறன், பெரியம்மா."

"விசரோடி உனக்கு? அங்க மண்டபம் எடுத்தாச்சு. ஆவணி இருபத்திநாலு முகூர்த்தம். உன்ர அம்மா ஊரெல்லாம் சொல்லியிருப்பாள்."

"அம்மாவுக்கு நான் எழுதுறன்."

"என்னெண்டு எழுதுவாய்? கூலிக்கு வந்தவன்ர பேரனைக் கட்டிப் போட்டன் எண்டோ?"

அவள் தட்டில் முள்ளை ஒரு பக்கமாக ஒதுக்கி ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்கட சத்தியத்துக்கு நான் போறன்," என்றாள். அதை ஒரு கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பிள்ளை. வெற்றிலையில் சுண்ணாம்பு போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

அடுத்த கிழமை ஏஜென்சிக்காரனிடமிருந்து சேதி வந்தது. வியாழக்கிழமை ஒரு படகு வரும், பக்கத்துத் தீவுக்கு எட்டு மணித்தியால ஓட்டம், அங்கேயிருந்து சனிக்கிழமை விமானம். படகில் ஒன்பது பேருக்குத்தான் இடம். இளம் ஆட்கள் முதலில் போகட்டும், நானும் ஒரு கிழவரும் அடுத்த ஓட்டத்தில். நாலு மாதம் காத்திருந்த சனத்துக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சேலைகளைத் தோய்த்துக் காயப்போட்டு, ஒருவருக்கொருவர் தலைமயிர் வெட்டி, கலியாண வீடு மாதிரி.

வியாழன் காலை, படகு வந்து நின்றபோது, அல்வின் மட்டும் வந்து வேண்டாம் என்றான். மீன்காரர்கள் படகுகளைக் கரைக்கு இழுத்து மரங்களோடு கட்டுகிறார்கள், ஆழக்கடல் பறவையெல்லாம் தரைக்கு வந்துவிட்டது என்றான். படகோட்டிக்கும் அரை மனம்தான். வானொலியில் சூறாவளிக் காற்று வடக்கால் போகும் என்று சொல்கிறார்கள், இருந்தாலும் மத்தியானம் வரைக்கும் பார்த்துவிட்டுப் புறப்படலாம், இல்லாவிட்டால் வெள்ளி காலையில், அப்படியும் விமானத்தைப் பிடித்துவிடலாம் என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

என் கைப்பையில் பஞ்சாங்கம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து கொண்டுவந்தது. வியாழன் சப்தமி. அதற்குப் பிறகு அட்டமி, நவமி. பயணம் தொடங்க ஆகாத திதிகள். புது வாழ்வுக்குப் போகிற பெண்ணை அட்டமியில் படகேற்றலாமா? ஆனால் பஞ்சாங்கத்தில் போட்டிருப்பது எங்கள் ஊர் நேரம். மற்றவர்களாக இருந்தால் அப்படியே பார்த்துவிட்டு, பின்னேரம் ஏழு பத்து வரைக்கும் சப்தமி இருக்கிறது என்று இருந்துவிடுவார்கள். நான் பூமிசாத்திரம் படிப்பித்தவள். யாழ்ப்பாணம் கிழக்கு எண்பது பாகை. இந்த இடம் மேற்கு அறுபத்தொன்று. கூட்டினால் நூற்று நாற்பத்தொன்று. பாகைக்கு நான்கு நிமிடம். ஒன்பது மணி இருபத்து நான்கு நிமிட வித்தியாசம். அப்படியென்றால் இங்கே சப்தமி காலை ஒன்பது நாற்பத்தாறுக்கு முடிந்துவிடுகிறது. அதற்குள் படகு கரையை விட வேண்டும்.

கணக்கில் பிழை இல்லை, பிள்ளை. எத்தனையோ தரம் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

படகோட்டியோடு ஆங்கிலத்தில் நன்றாக வாதாடினேன். சப்தமியும் அட்டமியும் அவனுக்கு விளங்காது. விமானம் தவறினால் யார் பொறுப்பு என்று கேட்டேன். மற்றப் பிள்ளைகள், "ரீச்சர் சொன்னால் சரியாத்தான் இருக்கும்," என்று ஏறினார்கள். அல்வின் தண்ணீருக்குள் இறங்கிப் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். "மத்தியானம் வரைக்கும், அம்மா. மத்தியானம் வரைக்கும் மட்டும்," என்றான். நளாயினி படகின் ஓரத்தில் இருந்து என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்பது முப்பத்தெட்டு. "தம்பி, கையை எடு," என்றேன். அவன் எடுத்துவிட்டான். பெரியவர்கள் சொன்னால் கேட்கிற வளர்ப்பு. அதை நான் இல்லையென்று சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு வானொலியில் சொன்னார்களாம், காற்று திரும்பிவிட்டது என்று.

பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கியது, வெள்ளி காலை வரைக்கும் நிற்கவில்லை. தகரக் கூரைகள் போயிற்று. மலைச்சரிவில் இருந்த வாழை முழுக்க, கோரைப்பாயைச் சுருட்டி வைத்த மாதிரி, ஒரே திசையில் படுத்துவிட்டது. இந்தத் தீவின் வரலாறு தெரிய வேண்டுமென்றால் அந்த ஒரு நாளைத் தெரிந்தால் போதும் என்று நான் பயணிகளுக்குச் சொல்வதுண்டு. ஏனென்றால் அதற்குப் பிறகு ஒருவரும் வாழை வைக்கவில்லை. இங்கிலாந்துக்காரர்களும் வேறு நாட்டு மலிவான வாழைக்குப் போய்விட்டார்கள். காணிகளைக் கப்பல் கம்பனிக்காரர்கள் வாங்கினார்கள். துறைமுகம் ஆழமாக்கினார்கள். இப்போது கிழமைக்கு நான்கு கப்பல் வருகிறது. சனம் காலையில் இறங்கி, தொப்பி வாங்கி, படம் பிடித்து, சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பிப் போகிறது. இந்தத் தீவுப் பிள்ளைகள் கப்பலுக்குக் கயிறு கட்டுகிறார்கள், கயிறு அவிழ்க்கிறார்கள். உள்ளே கரும்பு பிழிகிற உருளைகளுக்குப் பக்கத்தில் ஒரு கோடரி மாட்டியிருக்கிறது, உங்கள் பிள்ளைகள் அதைத்தான் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். உருளைக்குள் ஒருவனின் கை அகப்பட்டால் அதால் வெட்டி விடுவார்கள். ஆலையை நிறுத்த மாட்டார்கள். எல்லோருக்கும் பிடித்த இடம் அதுதான்.

படகா?

ஞாயிற்றுக்கிழமை கவிழ்ந்தபடி கண்டார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் ஆறு பேரைக் கிடத்தியிருந்தார்கள். ஆறு பேரையும் நான்தான் அடையாளம் சொன்னேன், பெயர், தகப்பன் பெயர், ஊர் என்று ஒவ்வொன்றாக. பொலிஸ்காரன் எழுத எழுத எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அதில் நளாயினி இல்லை. இல்லை என்று கண்டதும் எனக்குள் வந்த ஆறுதலை, மற்ற ஆறு பேரின் தாய்மாருக்கு முன்னால் நான் சொல்ல முடியாது. ஏறியது ஒன்பது, படகோட்டியோடு பத்து. எடுத்தது ஆறு. அப்படியென்றால் நான்கு பேர் கரை சேர்ந்திருக்கிறார்கள். வேறு என்ன?

குகதாசனுக்கு டெலிபோன் எடுத்துக் கேட்டேன். ஒருவரும் வரவில்லை என்றான். வந்தவள் அவனிடம் போகாமல் விட்டிருப்பாள், அதுதான். என்னில் உள்ள கோபம். உங்கட சத்தியத்துக்குப் போறன் என்றாள் அல்லவா. போய்க் காட்டிவிட்டு, தன்பாட்டில் எங்கேயோ இருக்கிறாள். பிடிவாதக்காரி. தங்கச்சியிடம் இப்படித்தான் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு டெலிபோனை வைத்தாள். பிறகு அவள் சாகும் வரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. பிள்ளை கடிதம் போடாததற்கு என்னில் என்ன பிழை?

என்னோடு நின்ற கிழவரை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். என்னைப் பாதிரியார் ஒருவர் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டு எடுத்தார். இங்கேயும் பூமிசாத்திரம்தான். பிறகு வயது போனதும் இந்த ஆலை வாசல். இந்த இடத்தை நான் கேட்டு வாங்கினேன். கப்பலில் வருகிறவர்கள் எல்லோரும் இந்த வாசலால்தான் போக வேண்டும். வருடத்துக்கு ஏழு, எட்டுத் தமிழ்க் குடும்பம் வரும். எல்லோரிடமும் துண்டு கொடுத்திருக்கிறேன். எல்லோரும் கட்டாயம் விசாரிக்கிறோம் அம்மா என்பார்கள், உங்களைப் போலத்தான் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு வாங்குவார்கள். ஏன் அப்படி என்று தெரியவில்லை. வெயில்தான்.

பதினோராம் நாள் அல்வின் வந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. தீவின் அந்தப் பக்கம், கல்லுக் கரையில், ஒரு பெண்ணைக் கண்டெடுத்தாராம். நீங்கள் வந்து பார்க்க வேண்டும் என்றார். பதினொரு நாள் கடலில் கிடந்த முகத்தில் என்ன தெரியும்? கழுத்தில் சங்கிலி இருந்தது என்றார். சங்கிலி எல்லாப் பெண்ணும்தான் போடுகிறாள். அவருக்கு அவளாகத்தான் இருக்க வேண்டும், அது அவருடைய ஆசை. நான் போகவில்லை. வாசற்படியில் ஒரு மணித்தியாலம் நின்றார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மலைத் தேவாலயத்தில் அடக்கம் செய்ததாகச் சொன்னார்கள். நளாயினி மூட்டூ என்று கல்லில் வெட்டுவித்திருக்கிறாராம். கலியாணம் ஆகாத பெண்ணுக்கு அப்படிப் பெயர் போடலாமா? பாதிரியாரிடம் முறையிட்டேன். கல் அப்படியே இருக்கிறது. இங்கேயிருந்து பன்னிரண்டு நிமிட நடை. நான் அந்தப் பக்கம் போனதில்லை.

அதோ உங்கள் ஆட்கள் வருகிறார்கள். துண்டைக் கைப்பையின் உள்பக்கம் வையுங்கள், தண்ணீர் பட்டால் மை ஊறும். கோபம் இல்லை என்று சொல்லுங்கள், மறக்க வேண்டாம். அதை முதலில் சொல்லுங்கள்.

அல்வினா? அவர் கலியாணம் செய்யவில்லை. இருபத்திநாலு வருடம் தினமும் கடலுக்குப் போய் வந்தார். போன மார்கழியில் செத்துப்போனார். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.